40 டிகிரி சரிவு படத்தில் மட்டும் ஏன் படுத்துவிடுகிறது?

சரிவுமானி கேட்டது:

பனிக்காலத்தில் ஓர் உச்சிக்கு நான்கு பேர் போவதாகத் திட்டம். கடைசி 900 மீட்டர் ஏற்றம் முழுக்கப் பனி. வரைபடத்தில் அளந்தால் நடுவே ஒரு மலை இடுக்கு 35 முதல் 40 டிகிரி வரை நிற்கிறது. அதைத் தாண்டினால் கூரான முகடு. கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் முள் சட்டம்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கேமராவோடு ஏறுவதுதான் புதிது.

முதல் சந்தேகம் தலைப்பிலேயே இருக்கிறது. நேரில் மூக்கில் இடிக்கிற சரிவு, படத்தில் வெள்ளை மைதானம் மாதிரி வருவது ஏன்? அடுத்தது, ஒரு கை எப்போதும் ஐஸ் ஆக்ஸில் இருக்கும்போது கேமராவை எங்கே வைப்பது, எப்போது வெளியே எடுப்பது? பனி சாம்பலாகவோ நீலமாகவோ வராமலிருக்க என்ன செட்டிங்? மைனஸ் 15இல் பேட்டரி தாங்குமா? கையில் இருப்பது ஒரு மிரர்லெஸ் கேமரா, 16-35 (வைட் ஆங்கிள்), 24-105, 70-200 (டெலி) மி.மீ. லென்ஸ்கள், ஒரு டிரைபாட் (முக்காலி). எல்லாம் சேர்ந்து 4 கிலோவுக்கு மேல். எதை விடலாம்?

எதிர்முகடு:

சரிவு படுத்துவிடுவதற்கு லென்ஸைவிட நீங்கள் நிற்கும் இடம்தான் காரணம். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால், சரிவின் நீளம் முழுவதும் பார்வை போகிற திசையிலேயே கிடக்கிறது. 300 மீட்டர் நீளமுள்ள பனிமுகம் படத்தில் ஒரு விரற்கடைக்குச் சுருங்கிவிடும். மேலிருந்து கீழே பார்த்தாலும் அதே கதை. போதாததற்கு, சரிவு நடுவில் புடைத்திருந்தால் செங்குத்தான பகுதி புடைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வைட் ஆங்கிள் இதை இன்னும் கெடுக்கும். காலடிப் பனியைப் பெரிதாக்கி, உச்சியைக் கொழுக்கட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

கண் சரிவை அளக்க இரண்டு கோடுகள் வேண்டும். ஒன்று சரிவின் கோடு. இன்னொன்று அதோடு ஒப்பிட ஒரு நேர்க்குத்துக் கோடு. சரிவில் நிமிர்ந்து நிற்கும் ஆள், மரத்தண்டு, தொங்கும் கயிறு, எதுவானாலும் சரி. இரண்டும் ஒரே சட்டகத்தில் பக்கவாட்டில் தெரிந்தால் 35 டிகிரியே பயமுறுத்தும். இல்லாவிட்டால் 50 டிகிரியும் தட்டைதான்.

ஆகவே சரிவின் மேல் நின்று எடுக்காதீர்கள், சரிவுக்குப் பக்கத்தில் நின்று எடுங்கள். இடுக்கின் ஓரத்தில் புடைத்து நீளும் பாறை விலா, பாதை திரும்பும் மலைத்தோள், எதிரே ஒரு தாழ்ந்த முகடு, இவைதான் இடங்கள். அங்கிருந்து 70-200ஐ 100 முதல் 150 வரை வைத்தால் பின்னணி மலைகளும் நெருங்கி வந்து முகத்தின் உயரம் தெரியும். அலாஸ்கா மலைகளைப் பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்த பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன் விமானத்தில் பறந்து எடுத்ததற்கு இதுவும் ஒரு பலன்: மலையின் பாதி உயரத்துக்கே போய் நேருக்கு நேர் பார்த்தால் எதுவும் சுருங்காது. நமக்கு விமானம் இல்லை, எதிர்முகடு இருக்கிறது.

வரைபடத்தை எடுத்து உங்கள் பாதை எங்கெல்லாம் வளைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வளைவுகள்தான் உங்கள் படங்கள். நேராக ஏறும் பகுதியில் எத்தனை கிளிக் செய்தாலும் முன்னால் போகிறவரின் முதுகும் பையும்தான் கிடைக்கும்.

கேமராவை நேர்மட்டமாகப் பிடிப்பது இங்கே பெரிய வேலை. அடிவானம் கண்ணில் படாத இடத்தில் நம் மூளை சரிவையே தரையாக எடுத்துக்கொள்ளும். கை தானாகச் சாயும், சரிவு 10 டிகிரி குறைந்துவிடும். கேமராவில் உள்ள எலக்ட்ரானிக் லெவலைப் போட்டே வையுங்கள். வேண்டுமென்றே சாய்த்துச் சரிவைக் கூட்டுகிறவர்களும் உண்டு. படத்தில் உள்ள ஆள் காற்றில் சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். சூரியன் தாழ்ந்து சரிவை உரசிக்கொண்டு வரும்போது காற்று செதுக்கிய பனி வரிகள், கால்தடம் எல்லாவற்றுக்கும் நிழல் கிடைக்கும். உச்சி வெயிலில் அதே பனி வெறும் காகிதம். பாதை எந்தத் திசை பார்த்த சரிவில் போகிறது என்று முன்பே பாருங்கள். வட அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த செங்குத்து முகத்துக்குப் பனிக்காலத்தில் நாள் முழுக்க வெயில் எட்டாமலே போகலாம்.

பனிக்கோடரி:

மேலே சொன்னதை முழுக்க ஏற்கிறேன். பாதுகாப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவை நெஞ்சின் நடுவில் கட்டாதீர்கள். வழுக்கினால் ஐஸ் ஆக்ஸைத் தோளோரம் பிடித்து, அதன் தண்டின் மேல் மார்பைப் போட்டு அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு கேமரா இருந்தால் மார்பின் எடை கூர்முனைக்குப் போகாது. விலா எலும்பும் போகும். கழுத்துப் பட்டையில் தொங்கவிடுவது அதைவிட மோசம். குனியும்போதெல்லாம் ஊஞ்சலாடும், நிலை தடுமாறும் நேரத்தில் முன்னால் இழுக்கும். பையின் தோள்பட்டையில் பொருத்தும் கிளிப்பும் நடையில் வசதி. 30 டிகிரி தாண்டும் இடத்தில் அதிலிருந்தும் கழற்றிவிடுவேன். இடுப்புப் பட்டையில் பக்கவாட்டில் மாட்டும் மூடிய உறையே இந்தச் சரிவுக்குச் சரி. உறையிலிருந்து கேமராவுக்கு ஒரு மீட்டர் மெல்லிய கயிறும் சின்ன கேரபினரும் (பூட்டுக் கொக்கி) போதும். கையுறைகளுக்கும் மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். இந்தச் சரிவில் கைநழுவிய கையுறை திரும்ப வராது, அந்தக் கையோடுதான் இறங்க வேண்டும்.

வளைந்து வளைந்து ஏறும்போது ஒவ்வோர் இரண்டாம் அடியிலும் உடல் நிலையாக இருக்கும்: மலைப்பக்கக் கால் முன்னாலும் மேலேயும், பள்ளத்துப்பக்கக் கால் பின்னால் நீட்டி எடையைத் தாங்கிக்கொண்டு. நிற்பதானால் அந்த நிலையில் மட்டும். ஐஸ் ஆக்ஸ் எப்போதும் மலைப்பக்கக் கையில், திரும்பும்போது கை மாறும். இரு கால்களும் குறுக்கே பின்னிக் கிடக்கும் அடியில் நின்று கேமராவைத் தேடுவதில்தான் வழுக்கல் ஆரம்பிக்கிறது.

நடுச்சரிவில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேடை வெட்டுங்கள். ஐஸ் ஆக்ஸின் தட்டையான பக்கத்தால் இரண்டு பூட்ஸ் அகலத்துக்கு, மலைப்பக்கம் சற்றே சாய்வாக. ஐஸ் ஆக்ஸைத் தலைவரை பனியில் செங்குத்தாக இறக்கி, இடுப்பில் கட்டிய ஹார்னஸிலிருந்து ஒரு ஸ்லிங்கை (நாடா வளையம்) அதில் மாட்டுங்கள். பையைக் கழற்றுவதானால் கழற்றும் முன்பே அதையும் மாட்டிவிடுங்கள். பனி கெட்டியாகித் தண்டு பாதிகூட இறங்கவில்லை என்றால், அங்கே கேமரா வெளியே வரக்கூடாது. தண்டு இறங்காத பனியில் விழுந்தால் நிறுத்துவதும் கடினம்.

மைக்ரோ ஸ்பைக் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரப்பர் வளையத்தில் ஒரு சென்டிமீட்டர் முள். தட்டையான உறைந்த பாதைக்கு அருமையான பொருள். சரிவில் பக்கவாட்டு எடை விழுந்ததும் ரப்பர் உருண்டு முள் பூட்ஸின் ஓரத்துக்குப் போய்விடும். முன்முள்ளும் கிடையாது. உங்கள் இடுக்குக்கு 12 முள் கிராம்பான், அடியில் பனி ஒட்டாத பிளாஸ்டிக் தட்டோடு. ஈரப்பனி அடியில் கட்டி கட்டியாக ஒட்டினால் முள் பனியைத் தொடவே தொடாது, செருப்பில் சக்கரம் கட்டிய மாதிரிதான். தட்டு இருந்தும் ஒட்டினால் ஐஸ் ஆக்ஸின் தண்டால் பூட்ஸ் ஓரத்தில் தட்டுங்கள். அளவைப் புறப்படும் முன்பே பாருங்கள்: பட்டையைக் கட்டாமல் பூட்ஸைத் தூக்கி ஆட்டினாலும் கிராம்பான் விழக்கூடாது. அடிப்பாகம் வளையும் நடைப் பூட்ஸில் விறைப்பான கிராம்பானை மாட்டினால் நடு இணைப்பு உடையும், அல்லது பூட்ஸ் கழன்று வரும்.

நேரக் கணக்கு: 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் தொடக்கத்துக்கு உதவும். 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 5 கி.மீ., 900 மீட்டர் என்றால் இரண்டரை மணி. கால் புதையும் பனியில் அது ஐந்து மணி ஆகும். அதோடு படத்துக்கு 12 நிறுத்தம், ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்றால் இன்னொரு மணி. பலர் கணக்கில் விடுவது இந்தக் கடைசி மணியைத்தான். நால்வரும் சேர்ந்து "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்" என்று முந்தின இரவே முடிவு செய்யுங்கள். பொன் வெளிச்சம் வேண்டுமானால் அதிகாலை வெளிச்சத்தைத் தேர்ந்தெடுங்கள். இருட்டில் ஹெட்லாம்போடு ஏறும்போது பனி உறைந்து கெட்டியாக இருக்கும், கிராம்பான் நன்றாகப் பிடிக்கும், பகல் முழுக்க இறங்க நேரம் கிடைக்கும். மாலை வெளிச்சத்துக்காகக் காத்திருந்தால், பகலில் இளகிய பனி மறுபடி கண்ணாடியாக உறையும் நேரத்தில், களைத்த காலோடு இருட்டில் இறங்க வேண்டும்.

இறங்கும்போது கேமரா பைக்குள். பேச்சே இல்லை.

குளிர்ப்பெட்டி:

பனி சாம்பலாவது கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டரின் வேலை. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே அளக்கும். சட்டகம் முழுக்க வெயில் பட்ட பனி இருந்தால் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +1 முதல் +1.7 வரை கூட்டுங்கள். பாதி பாறை, பாதி பனி என்றால் +0.7 அளவில் நிற்கலாம். நல்ல வெயிலில், அளவுகளை நாமே வைக்கும் மேனுவலே எளிது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/8, 1/800 நொடி என்று தொடங்கி, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஒன்றிரண்டு படி நகர்த்துங்கள். பனியிலிருந்து கறுப்புப் பாறைக்குத் திரும்பினாலும் அளவு ஓடாது என்பது மேனுவலின் லாபம். வெளிச்சம் மிஞ்சிய இடம் மின்னும் எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். சூரியனைத் திருப்பும் ஒரு துண்டுப் பனி மின்னினால் விட்டுவிடலாம், சரிவே மின்னினால் குறையுங்கள். பிறகு திருத்த இடம் தரும் ரா ஃபைலில் எடுங்கள்.

நிழல் நீலமாக வருவது பிழையல்ல. நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தான். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) 5500 கெல்வினில் நிறுத்தி எடுத்துவிட்டு, பிறகு நீலத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். முழுக்கத் துடைத்துவிட்டால் வெயில்பட்ட பனி மஞ்சளாகிவிடும், பல் துலக்காத மாதிரி.

பேட்டரிக்கு ஒரே சூத்திரம்: பேட்டரி சூட்டில், கேமரா குளிரில். லித்தியம் அயான் பேட்டரியின் உள்ளே அயனிகள் நகர்வது குளிரில் மந்தமாகி, உள்தடை ஏறி, மின்னழுத்தம் விழுகிறது. கேமரா அதைக் காலி என்று நினைத்து அணைகிறது. சக்தி உள்ளேயேதான் இருக்கிறது. சட்டைப்பையில் பத்து நிமிடம் வைத்தால் கணிசமாகத் திரும்பி வரும். மைனஸ் 15இல் வழக்கமான எண்ணிக்கையில் பாதி கிடைத்தால் பெரிது என்று கணக்கிட்டு மூன்று பேட்டரி வையுங்கள். இரண்டு உடம்போடு ஒட்டிய பையில், ஒன்று கேமராவில். வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ் மூன்றையும் அணையுங்கள். இன்னொன்று: உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யக்கூடாது. லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். இரவில் தூக்கப்பைக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகே பவர் பேங்கில் மாட்டுங்கள். பவர் பேங்கும் அங்கேயே தூங்கட்டும்.

கேமராவையும் ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்க ஆசை வரும். வேண்டாம். உடம்பு வியர்வை ஈரம் லென்ஸில் படிந்து, வெளியே எடுத்ததும் உறைந்துவிடும். அதேபோல் மாலையில் சூடான அறைக்குள் போகும் முன், வெளியிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடிவிடுங்கள். ஈரம் கவருக்கு வெளியே படியும். இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். படம் பார்க்க அவசரம் என்றால் கவரில் போடுவதற்கு முன்பே கார்டை எடுத்துவிடுங்கள். வியூஃபைண்டரில் கண் வைக்கும்போது மூச்சை அடக்கி, பக்கவாட்டில் விடுங்கள். லென்ஸில் விழுந்த பனித்தூளை வாயால் ஊதினால் அது உருகி, மறுநொடி பனிக்கட்டியாகும், தூரிகையால் தட்டுங்கள்.

எதிர்முகடு:

லென்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 24-105ஐக் கேமராவிலேயே பூட்டிக்கொண்டு போங்கள். பறக்கும் பனித்தூளில் லென்ஸ் மாற்றுவது சென்சாரில் உப்பு தூவுவது மாதிரி. 70-200ஐ எடுப்பதானால், இடுக்குக்கு முன் உள்ள பாதுகாப்பான தோளில் ஒரு முறை மாற்றி, பிறகு பையில் போட்டுவிட வேண்டும். 16-35 வீட்டில்.

பனிக்கோடரி:

டிரைபாடும் வீட்டில்.

குளிர்ப்பெட்டி:

விடியலுக்கு முன் முகட்டில் இருக்கப்போகிறார்கள் என்றால் டிரைபாட் முழு வீண் இல்லை. ஆனால் எடுத்துப்போனால் சரியாக நிறுத்த வேண்டும். கீழ்க் கணுவை முதலில் நீட்டுங்கள், மேல் பூட்டுகள் பனிக்கு வெளியே இருக்கும். பனி உருகி பூட்டுக்குள் புகுந்து உறைந்தால் கால் மடங்காது. மென்பனியில் கால்களை முழுக்க விரித்து அழுத்தினால் இன்னும் விரிந்து இணைப்பு உடையும். பாதி விரித்து ஊன்றி, அழுத்த அழுத்த விரியவிடுங்கள்.

வடமுகம்:

இதுவரை யாரும் அவலாஞ்ச் (பனி பெயர்ந்து சரிந்து வருவது) பற்றி வாய் திறக்கவில்லை. உங்கள் இடுக்கு 35 முதல் 40 டிகிரி. பாளமாகப் பெயர்ந்து வரும் அவலாஞ்ச் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான் தொடங்குகிறது. படத்துக்கு அழகான சரிவும் அதுதான், ஆபத்தான சரிவும் அதுதான்.

கோணத்தைக் கண்ணால் ஊகிக்காதீர்கள். நடைக்கோலைப் பனியில் சரிவின் வாக்கில் கிடத்தி, அதன் மேல் போனை வைத்து அளவுமானி செயலியில் பாருங்கள். அன்றைய அவலாஞ்ச் அறிக்கை கிடைக்கும் இடமென்றால் அதுதான் முதல் வார்த்தை. கடந்த ஒன்றிரண்டு நாளில் பெரும்பனி விழுந்திருந்தால், காற்று பனியை அள்ளி மறைவுப்பக்கச் சரிவில் குவித்திருந்தால், திடீரென்று வெப்பம் ஏறியிருந்தால் திட்டத்தை மாற்றுங்கள். காலடியில் "வூம்ப்" என்று பனி அமர்ந்தாலோ, பூட்ஸிலிருந்து விரிசல் ஓடினாலோ, பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தாலோ, அந்த நொடியே திரும்ப வேண்டும். வெயில் ஏறியபின் மேலிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால் ஈரப்பனி இளகுகிறது என்று பொருள்.

படம் எடுப்பவர் செய்யும் தனிப்பிழை ஒன்று உண்டு. முகம் முழுக்கச் சட்டகத்தில் வரட்டும் என்று அதன் நேர் அடியில், தட்டையான இடத்தில் போய் நிற்பார். அது சரிந்து வருவதெல்லாம் வந்து சேரும் இடம். தட்டையாக இருப்பதால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. மேலே உள்ள செங்குத்தோடு தொடர்ந்திருந்தால், கீழே நிற்பவரின் எடையே மேலே பாளத்தை விடுவிக்கலாம். இடுக்கை ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள். மற்ற மூவர் ஓரத்துப் பாறை விலாவில், விழும் பாதைக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். எதிர்முகடு சொன்ன பக்கவாட்டுக் கோணமும் ஆளும் அப்போதுதான் தானாக அமைகின்றன. ஆனால் மூவரில் ஒருவராவது கேமரா இல்லாமல் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியாக ஆளைப் பார்த்த புள்ளி எது என்று அவர்தான் சொல்ல முடியும்.

முகட்டில் கார்னிஸ். கூரையின் இறவாரம் போல, காற்று வீசும் திசைக்கு மறுபக்கம் வெற்றுவெளியில் நீண்டு நிற்கும் பனி. மேலே நிற்பவருக்கு அது கெட்டித் தரையாகவே தெரியும். உடையும்போது தொங்கும் பகுதி மட்டும் போகாது, முறிவு நீங்கள் நினைப்பதைவிட உள்ளே தள்ளி வரும். ஆகவே விளிம்பை எட்டிப் பார்க்கும் படம் வேண்டாம். முகடு வளையும் இடத்திலிருந்து பக்கவாட்டில் பார்த்து, எது பாறை, எது தொங்கல் என்று தெரிந்த பிறகே பாதை போடுங்கள். கண்ணை வியூஃபைண்டரில் வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகராதீர்கள், பின்னால் என்றாலும். மேகம் இறங்கி வானமும் பனியும் ஒரே வெள்ளையானால் விளிம்பே தெரியாது. அந்த வெளிச்சத்தில் படமும் வராது, நின்றுவிடுங்கள்.

சரிவுமானி:

அனைவருக்கும் நன்றி. 24-105, மூன்று பேட்டரி, இடுப்பு உறை என்று முடிவாகிவிட்டது. 70-200ஐ இன்னொருவர் தூக்குவார். இரண்டு சின்ன கேள்வி. போலரைசர் (வானத்தைக் கருக்கும் ஃபில்டர்) தேவையா? டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோ கருவி) நால்வரிடமும் இருக்கிறது, அதை மார்பில் கட்டி, பேட்டரியும் போனும் அதே ஜாக்கெட்டுக்குள் வைக்கலாமா?

குளிர்ப்பெட்டி:

போலரைசர் வேண்டாம். உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம். அதைப் போட்டால் கறுப்பாகும், அகலக் கோணத்தில் ஒரு பக்கம் மட்டும் திட்டாகக் கறுக்கும். திருகு ஃபில்டர் குளிரில் இறுகிக்கொண்டால் கையுறையோடு கழற்றவும் முடியாது. அந்தக் காசுக்கு நல்ல பனிக்கண்ணாடி. புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். பகல் முழுக்க வியூஃபைண்டருக்காகக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல் எரியும். கண்ணாடியோடே திரையில் பார்த்து எடுக்கப் பழகுங்கள்.

வடமுகம்:

ஒரே ஜாக்கெட் ஆகலாம், ஒரே இடம் ஆகாது. டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. போன், கேமரா, சூடேற்றும் கையுறை, காந்தப் பூட்டு எல்லாம் அதற்கு இடைஞ்சல். அனுப்பும் நிலையில் குறைந்தது 20 செ.மீ., தேடும் நிலையில் 50 செ.மீ. தள்ளி வையுங்கள். டிரான்ஸீவர் மார்பில் என்றால் போன் விமானப் பயன்முறையில் கால்சட்டைப் பையில். வெறும் பேட்டரிகள் உள்பையில் இருக்கலாம், எதிர்ப்பக்கம். தேட வேண்டிய நிலை வந்தால், தேடுபவர் முதலில் கேமராவை அணைத்து உறையோடு கழற்றிக் கீழே வைக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10 முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு. ஆகவே பனிக்குள் குத்தித் தேடும் ப்ரோப் குச்சியும் மண்வாரியும் நால்வரிடமும், பையில் எல்லாவற்றுக்கும் மேலே. 70-200 அவற்றுக்கு அடியில் போகட்டும்.